மூன்று மணி நேரம் தாங்கும்

கடைக்காரர் காரில் மாட்டும் மூன்று கேமராக்களைக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். அப்பிராணி முக்கால் மணி நேரமாக அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறவன். யாரையும் ஒரு வார்த்தை அதட்டிப் பேசி அறியாதவன் என்பதால் ஸ்டாண்டில் அவனுக்கு அந்தப் பேர். துணைக்கு வந்திருந்த சக ஓட்டுநருக்கு வக்கீல் என்று பேர். ஹாரன் அடிப்பதிலிருந்து ஆண்டவன் வரை எதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பான்.

"இதுல ஒரு கண்ணுதான், ரோட்டை மட்டும் பாக்கும். ஆனா கூட வர்ற மெமரி கார்டு பெருசு. நாள் பூரா தாங்கும்," என்றான் வக்கீல்.

"ரோடு என்மேல புகார் குடுக்கலியே."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் அப்பிராணி சொன்னதில் விளையாட்டு இல்லை. போன மாதம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த ஒருவர், ஓட்டுநர் வழியெல்லாம் போனில் பேசிக்கொண்டே வந்தார் என்று சவாரி அனுப்பும் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். வழியெல்லாம் போனில் பேசியது அந்தப் பயணிதான். ஒன்பது நாள் சவாரி எடுக்க முடியாதபடி அவன் ஐடியை முடக்கி வைத்தார்கள். திறந்துவிட்டபோது, இன்னொரு புகார் வந்தால் நிரந்தரமாக மூடப்படும் என்று ஒரு செய்தி வந்தது. அன்றிலிருந்து யார் பின்கதவைத் திறந்து ஏறினாலும் கண்ணாடியில் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

இரண்டாவது கேமராவுக்கு இரண்டு கண். ஒன்று சாலையைப் பார்க்கும், ஒன்று வண்டிக்குள்ளே பார்க்கும். மூன்றாவதும் அப்படித்தான், எடுத்ததைப் போனிலேயே பார்க்கலாம். அதன் விலைச் சீட்டை வக்கீல் கையால் பொத்திக்கொண்டான். "பாக்காதே. மயக்கம் போட்டுருவே."

திரும்பி வந்த கடைக்காரர் இரண்டாவதைத் தட்டிக் காட்டினார். "இந்த விலைக்கு ரெண்டு கண்ணு வேற எங்கயும் கிடைக்காது. எஞ்சின் ஓடுற வரைக்கும் ரெண்டும் சேர்ந்து எடுக்கிறதால கார்டு சீக்கிரம் நிறையும். மூணு மணி நேரம் தாங்கும். நிறைஞ்சா பழசை அதுவே அழிச்சுட்டு மேல எடுக்கும். நீங்க தொடவே வேண்டாம்."

"எதாவது ஆனா?"

"வண்டி மோதினா அந்த அதிர்ச்சியிலயே அதைத் தனியா எடுத்து வச்சுக்கும். அழியாது."

அப்பிராணி மனசுக்குள் கணக்குப் போட்டான். எந்தத் தகராறும் மூன்று மணி நேரம் நடக்கப்போவதில்லை. அவன் பார்த்த எல்லாத் தகராறும் ஐந்து நிமிஷத்தில் முடிந்தவை. கேமராவைக் கட்டித் தரச் சொன்னான்.

வீட்டில் மனைவி டப்பாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். தையல் ஆலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பேட்டரி மாத்தணும்னுதானே போனீங்க? நேத்து பெட்ரோல் பங்க்ல நாலு பேர் தள்ளினாங்களே, அது யாரு வண்டி?"

"வண்டியை அணைக்காம வச்சிருந்தா ஒண்ணும் ஆகாது. பேட்டரி போனா தள்ளியாவது ஓட்டலாம். ஐடி போனா எதைத் தள்ளுறது?"

மறுநாள் காலையில் அவளே வண்டியின் முன்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, கேமராவை ஒட்ட இடம் காட்டினாள். ஓரத்தில் மிளகளவு சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் அவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதிமூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு, நல்ல சட்டை போட்ட ஒரு பயணி ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போகச் சொன்னார்.

"போலீஸ் நிக்குது சார். சுத்திப் போனா நாலே நிமிஷம்."

"எனக்கே வழி சொல்றியா?" என்று ஆரம்பித்தவர், அவன் வண்டியைத் திருப்பாததைக் கண்டு வாய்க்கு வந்தபடி பேசினார். அம்மாவை இழுத்தார், பெண்டாட்டியை இழுத்தார். அப்பிராணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சூடாகிக்கொண்டு வந்தது. அவர் சிக்னலில் கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கிப் போனார். அவன் இறங்கிச் சுற்றிவந்து கதவைச் சாத்தினான். மறுபடி உட்காருவதற்குள் போன் அதிர்ந்தது. ஓட்டுநர் கெட்ட வார்த்தையில் திட்டி நடுரோட்டில் இறக்கிவிட்டதாகப் புகார். ஐடி முடக்கப்பட்டது. ஆதாரம் இருந்தால் இன்றே நேரில் கொண்டு வரவும்.

ஓரமாக நிறுத்தி, கேமராவின் தீப்பெட்டியளவு திரையில் ஓட்டிப் பார்த்தான். எல்லாம் இருந்தது. அவர் வாய், அவர் குரல், வாயே திறக்காத தன் முகம். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வக்கீலைக் கூப்பிட்டான்.

"கார்டைக் கழட்டிக் கொண்டுபோகட்டுமா?"

"தொடாதே! வெட்டி ஒட்டிக் கொண்டுவந்தேன்னு சொல்லுவானுங்க. கேமராவிலயே இருக்கட்டும். அவங்க கண்ணு முன்னாடி எடு, அப்பத்தான் செல்லும்."

அவனுக்கும் அது சரியாகப் பட்டது. ஒருமுறை பொய்யன் என்று பேர் வாங்கியவன் எதையும் தொடாமலிருப்பதே நல்லது. மனைவிக்கு, "பயப்படாதே, எல்லாம் பதிவாயிருக்கு," என்று போனில் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பத்தே முக்காலுக்குக் கம்பெனி அலுவலக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவனைப் போல ஐடி முடங்கியவர்களின் வண்டிகள் சுவரோரம் பதினைந்து நின்றன. காவலாளி ஜன்னலில் தட்டி, "வரிசையிலயே இருங்க. வண்டியை விட்டு இறங்கக் கூடாது. முன்வண்டி நகர்ந்தா நகரணும்," என்றார். கால் மணிக்கு ஒருமுறை வரிசை ஒரு வண்டி நீளம், இரண்டு வண்டி நீளம் நகர்ந்தது. பேட்டரியை நினைத்து அவன் எஞ்சினை அணைக்கவில்லை. வெயில் ஏறியது. பாட்டில் தண்ணீர் தீர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு உணவு இடைவேளை என்று கேட்டைச் சாத்தி ஒரு மணிக்குத் திறந்தார்கள். அவன் கோபப்படவில்லை. கையில் ஆதாரம் இருக்கிறவனுக்கு என்ன அவசரம்?

இரண்டேகாலுக்கு அவன் முறை வந்தது. அலுவலகப் பெண்ணே வண்டிவரை வந்து, அவள் கண் முன்னாலேயே கேமராவிலிருந்து கார்டை எடுக்கச் சொன்னாள். மரியாதையான பெண். உள்ளே குளிர்ந்த அறையில் கார்டைக் கணினியில் செருகி, திரையை அவன் பக்கமும் திருப்பி வைத்தாள்.

"எத்தனை மணிக்கு சார்?"

"பத்தேகாலுங்கம்மா."

அவள் திரையில் பட்டியலின் மேலே போனாள், கீழே வந்தாள். "இதுல பதினொன்னே காலுக்கு முன்னாடி எதுவும் இல்லையே சார்."

"இருந்துச்சும்மா. நானே பாத்தேன். பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அழிஞ்சிருக்கும் சார். மூணு மணி நேரத்துக்கு மேல இதுல நிக்காது போலிருக்கு."

"மோதினா எடுத்து வச்சுக்கும்னு சொன்னாரே..." என்று இழுத்தான். திட்டினால் வண்டி அதிராது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் உங்களை நம்பறேன் சார். ஆனா ரெண்டாவது புகார், பாருங்க. ஆதாரம் இல்லாட்டி சிஸ்டம் தானா மூடிடும். என் கையில ஒண்ணும் இல்லை." சொல்லிக்கொண்டே அவள் அடுத்த ஆளின் தாளை எடுத்தாள். திரையை அணைக்க மறந்துவிட்டாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாதியில் கம்பெனியின் சாத்திய கேட். அதன்மேல், ஓட்டுநர்கள் எங்கள் குடும்பம் என்று எழுதிய பலகை. மறு பாதியில் வண்டிக்குள்ளே வியர்த்து வழிந்தபடி அவன். சற்றைக்கொரு தரம் கழுத்தை எக்கி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, எரிகிறது என்று தலையை ஆட்டிக்கொண்டான்.