திறக்காதே என்ற குரல்

வீலென்று அலறியது அபாய மணி.

ஆஸ்பத்திரியின் கருவி சுத்திகரிக்கும் அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். பீரோ உயர நீராவி இயந்திரம் பாதியில் நின்றுபோயிருந்தது. உள்ளே ஆபரேஷன் கத்திகள்.

ஜன்னலில் நர்ஸின் தலை முளைத்தது. "ஏய் புதுசு! டாக்டர் கையக் கழுவிட்டு நிக்கிறாரு. கத்தி வருமா, இல்ல நகத்தாலயே கீறச் சொல்லவா?"

"இதோ வருது சிஸ்டர்!"

அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் இருந்தது. கதவைத் திறக்கலாம். கைப்பிடியைப் பிடித்தவளுக்கு, தலைமை டெக்னீஷியனின் சட்டம் ஞாபகம் வந்தது. பழுது வந்தால் முதலில் குரல் பெட்டியிடம் அதைச் சொல்லி, முன்பு அதே பழுதைப் பார்த்தவர் பேசிவைத்ததைக் கேட்க வேண்டும். சரிசெய்தவர் நடந்ததை அதிலேயே பேசிவைக்க வேண்டும். அந்த வழக்கம் வந்தபின் ஒருவர் பட்ட சூடு எல்லோருக்கும் பாடமானது. புதியவர்கள் மளமளவென்று தேறினார்கள். அவளும் அப்படித் தேறியவள்தான். ஆனால் சொந்தமாகப் பேசிவைக்க அவளுக்கு இன்னும் ஒரு பழுதும் வாய்க்கவில்லை.

பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். "மணி அடிக்குது. முள்ளு பூஜ்யத்துல நிக்குது."

பெட்டி கரகரத்தது. ஒரு பெண் மூச்சு வாங்கியபடி பேசினாள்.

"முள்ள நம்பாத. அது சிக்கியிருக்கு. உள்ள நீராவி அப்படியே இருக்கு. நான் நம்பித் தொறந்துட்டேன்... எரியுது... நீ தொறக்காத. பின்னாடி குழாய மூடிட்டுத் தள்ளி நில்லு."

அவள் கதவைவிட்டு விலகினாள். ஓடிப்போய்க் குழாயை மூடிவிட்டு மூலையில் ஒண்டினாள்.

அடுத்த கணம் கதவின் ரப்பர் பிய்ந்தது. அவள் சற்றுமுன் நின்றிருந்த இடத்தில் நீராவி சீறிப் பாய்ந்தது. எதிர்ச்சுவர் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது.

தலைமை டெக்னீஷியன் தலைதெறிக்க ஓடிவந்தார். "அடிகிடி பட்டுச்சாம்மா?"

"இல்ல சார். பெட்டியில ஒரு அக்கா சொன்னாங்க, தப்பிச்சேன். பாவம், அவங்க வெந்துட்டாங்க போல. எந்த வார்டுல இருக்காங்க? போய்ப் பாக்கணும்."

"இங்க யாருக்கும் அப்படி ஆனதே இல்லையே!"

அவர் பெட்டியை மறுபடி ஓடவிட்டுக் காதைக் கொடுத்தார். அவர் முகம் வெளிறிப்போனது. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த அக்காம்மா? இது உன் குரலு!"