முன்மொழிந்தவரின் வரிசை எண்

1

இந்தக் கதை என் ஆள்காட்டி விரலில் தொடங்கியது. ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொரோனா முடிந்தும் முடியாமலும் இருந்த வருஷம். உள்ளாட்சித் தேர்தல் வேலைக்கு என்னையும் பிடித்துப் போட்டார்கள். நான் விழுப்புரத்தில் பள்ளி வாத்தியார், எங்களைப் பிடிக்காமல் வேறு யாரைப் பிடிப்பார்கள்? கண்டாச்சிபுரம் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகம். மனு பரிசீலனை நாள். அதிகாரி மனுவில் உள்ள எண்ணைப் படிப்பார்; நான் வாக்காளர் பட்டியலில் விரல் வைத்து அந்த எண்ணில் இருக்கும் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்கு என்னைவிடக் கெட்டிக்காரன் தேவையில்லை.

பதினொன்றே காலுக்கு ஒரு வரியில் விரலை வைத்தேன். ஒரு மனிதரின் ஐந்து வருஷ ஆசை அங்கேயே முடிந்துபோனது. அந்த அதிர்ச்சி எனக்கே இன்னும் இறங்கவில்லை. எழுதினால் இறங்கும் என்று எழுதுகிறேன்.

2

தூக்கி எறிந்த தொடக்கங்கள்:

"முருகையனுக்குத் தலைவர் பதவிமேல் ஆசை வந்தது எப்போது என்றால்" (வேண்டாம். ஆசை யாருக்குத்தான் இல்லை.)

"மாதா கோயில் தெருவில் இருநூற்றுப் பத்து ஓட்டு இருந்தது, அதை வாங்கித் தரும் ஒரு" (கட்சிக்காரர் பேசுவது போல இருக்கிறது.)

"சித்ரா பெயரைப் படித்தாள். முருகையன் நிறத்தைச் சொன்னார்." (இது இருக்கட்டும்.)

3

சித்ரா பெயரைப் படித்தாள். முருகையன் நிறத்தைச் சொன்னார்.

எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை அவர்களுடையது. அவர் காயில் கட்ட, அவள் முன்னால் உட்கார்ந்து எந்த மோட்டார் யாருடையது என்று சாக்பீஸில் எழுதி வைப்பாள். பதினான்கு வருஷமாக அப்படித்தான். தேர்தல் அறிவித்ததும் அவள் கையில் சாக்பீஸோடு மூன்று பேனாக்களும் சேர்ந்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து நோட்டு மாதிரித் தைத்து வைத்திருந்தார் முருகையன். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நம் ஆளுக்குப் பச்சை, எதிராளிக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு நீலம்.

"முருகையன், வயசு நாப்பத்தாறு" என்று படித்தாள் சித்ரா.

"பச்சைதான், வேற இன்னா" என்று சிரித்தார் அவர்.

அவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

"ம், அடுத்தது? ஜல்தி படி, மல்லாட்டை மூட்டை ஏத்தறவன் மோட்டாருக்கு வந்துடுவான்."

அவள் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் படித்தாள்.

இப்படி மூன்று தடவை முழுப் பட்டியலையும் படித்தார்கள். மூன்றாவது தடவை முடிந்த கையோடு துணைத் தலைவரைப் பற்றிய பேச்சு தொடங்கியது.*

* விஷயம் தெரியாதவர்களுக்கு: ஊராட்சித் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பார்கள். துணைத் தலைவரை, ஜெயித்த வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். ஜோடியாக நிற்பது என்று சட்டத்தில் எதுவும் இல்லை. ஆனால் தலைவருக்கு நிற்பவர், "இவங்கதான் நம்ம துணைத் தலைவர்" என்று ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்க் கும்பிட்டால்தான் அந்த ஆளின் தெரு அசையும். பிறகு ஊராட்சிக் காசோலையில் இருவர் கையெழுத்தும் வேண்டும். அதனால் கூட நிற்பவரை எடைபோடாமல் யாரும் சேர்ப்பதில்லை.

4

"சின்னப்பராஜு எப்டி?" என்றார் முருகையன். காயில் கம்பியை இழுத்துக்கொண்டே கேட்டார்.

"பந்தல் போடறவரா? நல்லாத்தான் ஓடியாடுவாரு."

"ஓடுவான். நான் எழுந்து போனா என் நாற்காலியில உக்காந்து போட்டோ எடுத்துக்குவான்."

"அப்பாதுரை மாமா?"

"சொந்தக்காரன். குடும்பமே உக்காந்துக்கிச்சின்னு ஊரு பேசும்."

"அப்ப நர்சம்மாவ கேளுங்க."

நர்சம்மா என்றால் ஆரோக்கியசெல்வி. அரசு சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரைக் கேட்டாலும் முதல் ஊசி அவர் கையால்தான். மாதா கோயில் தெரு அவர் சொன்னால் கேட்கும், மற்றத் தெருக்களும் கேட்கும். முருகையனுக்கு அதுதான் இடித்தது.

"அது கேள்வி கேக்கும், சித்ரா. துணைன்னா பின்னால நிக்கணும். வாய் இருக்கக் கூடாது, கையெழுத்துப் போட கை இருந்தா போதும்." கம்பியைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, மனசார, பாராட்டுகிற தோரணையில் சொன்னார்: "உன்ன மாதிரி ஒருத்தி கெடச்சா எனக்கு வேற கவலையே இல்ல."

(இந்த இடத்தில் சித்ரா முகம் எப்படி இருந்தது என்று நாலு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். நான் அந்தக் கடையில் இல்லை. பேச்சை நர்சம்மா பின்னால் எனக்குச் சொன்னார், அவருக்கு சித்ரா சொன்னது. முகத்தை யாரும் சொல்லவில்லை.)

5

கடைசியில் நர்சம்மாவையே பிடித்தார்கள். மாதா கோயில் தெருவின் இருநூற்றுப் பத்து ஓட்டு சும்மாவா? ஆனால் முருகையன் ஒரு சோதனை வைத்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவருக்கு நிற்பவர் தன் மனுவோடு நம்பிக்கையான ஒருவர் பெயரிலும் ஒரு மனு போட்டு வைப்பார். மாற்று வேட்பாளர் என்று பெயர். தன் மனு நின்றுவிட்டால் மாற்று மனுவை வாபஸ் வாங்கிவிடுவார்கள். வார்டு மனுவோடு அந்த மாற்று மனுவையும் நர்சம்மாவைப் போட வைத்தார். வாபஸ் கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்தும் கேட்டார். தலைவர் பதவிக்கான காகிதம் கையில் இருக்கும்போது புத்தி மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

நர்சம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நீ தலைவரு, நான் துணை. அதான பேச்சு? அப்ப இது நியாயந்தான், தம்பி" என்று கையெழுத்துப் போட்டார்.

நர்சம்மாவின் மாற்று மனுவை முருகையனே முன்மொழிந்தார். தன் மனுவை யார் முன்மொழிவது என்பதில்தான் அவருடைய மூளை அதிகமாக வேலை செய்தது.

"எந்தத் தெருக்காரன் கையெழுத்துப் போட்டாலும் அடுத்த தெருக்காரன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவான். பேஜாரு. நீயே போடு சித்ரா. பொண்டாட்டின்னா எவனும் வாயத் தொறக்க முடியாது."

அவள் போட்டாள். மனு எழுதிக் கொடுக்கும் தேவா, "அண்ணி, ஓட்டர் ஐடி குடுங்க, நம்பர் எழுதணும்" என்றான். எடுத்துக் கொடுத்தாள். அவன் அட்டையின் பின்பக்கத்தில் அடியில் இருந்த வரிசை எண்ணை மட்டும் பார்த்து எழுதினான்.

6

இப்போது என் விரல்.

"முன்மொழிபவர் சித்ரா, வரிசை எண் நானூற்றுப் பதினெட்டு" என்றார் அதிகாரி.

நானூற்றுப் பதினெட்டில் சின்னபொண்ணு என்று ஓர் அம்மாள் இருந்தார். வயது எழுபத்தெட்டு. சொன்னேன்.

முருகையன் முதலில் சிரித்தார். "தேவா நம்பர மாத்தி எழுதிட்டாம்பா. சித்ரான்னு தேடுங்க சார்." தேடினேன். மூன்று சித்ராக்கள் இருந்தார்கள். ஒருத்திக்குக் கணவர் பெயர் ராஜ்குமார், இன்னொருத்திக்கு ரஞ்சித், மூன்றாவது ஒரு கல்லூரிப் பெண். முருகையன் மனைவி இல்லை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து தேடினேன். அதிகாரியும் தேடினார். எதிராளியின் ஆள்கூட எட்டிப் பார்த்துத் தேடினான். அவனாலும் நம்ப முடியவில்லை.

"முன்மொழியறவருக்கு இந்த ஊராட்சியில ஓட்டு இருக்கணுங்க. இல்லன்னா மனு தள்ளுபடி" என்றார் அதிகாரி.

முருகையனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தாடையில் கிடந்த மாஸ்க்கை மேலே இழுத்து மூடிக்கொண்டார். தேவா வெளியே ஓடிப்போய், வராந்தாவில் நின்றிருந்த சித்ராவின் அட்டையை வாங்கி முதல்முறையாக முகவரியைப் பார்த்தான்.

"ண்ணா, இதுல திண்டிவனம் அட்ரஸுண்ணா!"

முருகையன் வராந்தாவுக்குப் போனார்.

"ஏப்ரல்ல எலெக்சன் வந்துச்சே, அப்ப நீ எங்க ஓட்டுப் போட்ட?"

"திண்டிவனத்துல, எங்கம்மா ஊட்டாண்ட. நீங்கதான விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல ஏத்தி வுட்டீங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஊரில் செத்தவன் பெயர் பட்டியலில் இருந்தால்கூடச் சொல்லிவிடுவார். வெளியூர் போன பையன் எந்தத் தேதி வருவான் என்பது அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர்.

அடுத்து நர்சம்மாவின் மாற்று மனு. முன்மொழிபவர் முருகையன், ஓட்டு இந்த ஊரில். விரலை வைத்தேன், பெயர் இருந்தது. ஏற்கப்பட்டது.

7

(சித்ராவை நான் நம்பவில்லை. எழுதுபவன் தன் பாத்திரத்தைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது, தெரியும். முதல் பிரதியில் அவளை ஒன்றும் தெரியாத அப்பாவி ஆக்கினேன். பொய்யாக இருந்தது. பதினான்கு வருஷம் யார் மோட்டார் எதனால் எரிந்தது என்று நினைவில் வைத்திருப்பவளுக்குத் தன் ஓட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாதா? இரண்டாவது பிரதியில் அவளைத் திட்டம் போட்டுக் கவிழ்த்தவள் ஆக்கினேன். அது இன்னும் பெரிய பொய். அந்த வராந்தாவில் அவள் உதடு வெளுத்துப்போய் நின்றதை நான் பார்த்தேன். அப்படியானால்)

8

இனி முருகையன் நிற்க முடியாது. வார்டுக்கும் அவர் மனு போடவில்லை, அதனால் துணைத் தலைவராகவும் வர முடியாது. அவர் எடைபோட்டுச் சேர்த்த ஆள்தான் இப்போது தலைவர் வேட்பாளர். அன்று சாயங்காலமே அவர் நர்சம்மா வீட்டுக்குப் போனார்.

"நீங்களே நில்லுங்க. ஆனா எல்லாம் என்னக் கேட்டுத்தான் நடக்கணும். நான் சொல்ற எடத்துல கையெழுத்துப் போடணும்."

"நான் நர்ஸா இருந்தப்பவே படிக்காம எதுலயும் போட்டதில்ல, தம்பி."

"வாபஸ் லெட்டர் என் பாக்கெட்ல இருக்குது."

"தெரியும். குடுத்த சொல்லு குடுத்ததுதான். குடுக்கணும்னா குடு, நான் வந்து தடுக்க மாட்டேன்."

முன்மொழிந்தவர் என்ற முறையில் முருகையனே அந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம். கொடுத்தால் எதிராளி போட்டியில்லாமல் தலைவர். அந்த ஆளை ஊருக்கே பிடிக்காது. ஆனாலும் கொடுப்பதென்று முடிவு செய்தார். தனக்குப் பின்னால் நிற்கக் கூட்டி வந்த ஆள் தனக்கு முன்னால் நிற்பதைப் பார்ப்பதற்கு அதுவே தேவலை என்று தோன்றியதாம்.

வீட்டில் சித்ராவிடம் அவர் பேசியது ஒரே கேள்விதான். காலையில் கேட்டார், சாப்பிடும்போது கேட்டார், தேவாவை வைத்துக்கொண்டும் கேட்டார்: "நீ ஏன் சொல்லல?"

9

கிடைக்கக்கூடிய முடிவுகள்:

அ. அவர் கடிதத்தைக் கிழித்துப் போட்டு நர்சம்மாவுக்கு ஓட்டுக் கேட்கிறார். (படிப்பவர்கள் மகிழ்வார்கள். நான் மாட்டேன்.)

ஆ. சித்ரா அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஓட்டு இருக்கிற இடத்துக்கு ஆளும் (சே, இதை எழுதிய கையை)

இ. நடந்தது.

10

வாபஸ் வாங்கக் கடைசி நாள். மூன்று மணிவரை நேரம். என்னை ஜன்னலோரம் வாபஸ் பதிவேட்டோடு உட்கார வைத்திருந்தார்கள். முருகையன் ஜன்னலுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பையில் கடிதம். இரண்டு நாற்பதுக்கு எழுந்தார். அப்போது ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் சித்ரா. கட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டியல் நோட்டை எடுத்தாள்.

"ரெண்டு நாளா ஏன் சொல்லல, ஏன் சொல்லலன்னு கேட்டுக்கினே இருக்கீங்க" என்றாள். "மூணு தடவ இத உங்களுக்குப் படிச்சேன். மூணு தடவையும் ஒரே எடத்துல நிறுத்துனேன். நீங்க, ம், அடுத்ததுன்னீங்க. அது எந்த எடம்னு காட்டுங்க. காட்டிட்டு உள்ள போய்க் கடுதாசியக் குடுங்க. அப்பறம் ஏன் சொல்லலன்னு எத்தன தடவ வேணா கேளுங்க."

முருகையன் நோட்டை வாங்கினார். வாங்காமல் உள்ளே நடந்திருக்கலாம். ஆனால் பட்டியலில் தனக்குத் தெரியாத இடம் ஒன்று இருப்பதாக ஒருத்தி சொன்னால் அவரால் தாங்க முடியாது. பெஞ்சில் உட்கார்ந்து முதல் வார்டிலிருந்து புரட்டினார்.

உங்களுக்கு அந்த இடம் தெரியும். எனக்கும் அன்று தெரிந்தது, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தே; மேலே சொன்ன கடைக் காட்சியில் அந்த நிறுத்தத்தை அதற்குப் பிறகுதான் எழுதினேன். ஒரு வீட்டுக் கதவெண், அதில் அவர் பெயர், அதற்கடுத்து வேறு வீடு. நடுவில் இருக்க வேண்டிய ஒரு வரி, மனைவியின் பெயர், இல்லை. அவர்கள் வீடு நாலாவது வார்டு. அவர் இரண்டாவது வார்டில் ஒரு நீல மையில் விரல் வைத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"இதா? லூர்துமேரி பேருல நிறுத்துனியா?"

"இல்லைங்க."

அடுத்த பக்கம். பச்சை, பச்சை, சிவப்பு. சித்ரா தூணில் சாய்ந்து நின்றாள். கடிகாரத்தை அவள் பார்க்கவேயில்லை, அதை மட்டும் என்னால் சத்தியமாகச் சொல்ல முடியும். அவள் பார்த்ததெல்லாம் அவர் விரலை.

"முருகையன்" என்று வாய்விட்டுச் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. தன் பெயர் இருக்கிற பக்கம் அவருக்கு முழுசாகத் தெரிந்த பக்கம். அதில் தேட என்ன இருக்கிறது?

மணி இரண்டு ஐம்பத்தாறு. நேரமாகிறது என்று வெளியே இருப்பவர்களைக் கூப்பிட்டுச் சொல்வது என் கடமையில் சேராது. ஆனால் அன்று காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். "ஐயா, மூணு மணிக்கு மூடிடுவோம், சீக்கிரம் வாங்க" என்று டீ குடிக்கப் போனவனைக்கூடக் கத்திக் கூப்பிட்டேன். முருகையனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஜன்னல் கம்பிதான். நாளைக்கு அவர் என்னிடமும் வந்து கேட்பார், ஏன் சொல்லல என்று. அதற்குத்தான் இவ்வளவும் எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டு ஐம்பத்தெட்டு. மூன்றாவது வார்டு தொடங்கிவிட்டது. அவர் வீட்டுக்கு இன்னும் ஆறு பக்கம். அவரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் கூப்பிடுங்கள், கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறார். நான் கூப்பிடவில்லை.