மூச்சு விடாத இரண்டு நாள்

முடி வெட்டக் கை இரண்டு இருந்தாலும் எனக்கு ஓடுவது வாய்தான் என்பாள் என் மனைவி. முப்பது வருடமாக சலூன் வைத்திருக்கிறேன். என் நாற்காலியிலிருந்து எழுந்து போகிறவருக்கு முடி குறைந்திருக்கும், ஊர்க்கதை கூடியிருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமையை மகள் விஷயத்தில் தொலைத்தேன். அவளுக்கு வேறு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. “அப்பா, ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது” என்றாள். தலையாட்டினேன். மறுநாளே நாற்காலியில் இருந்தவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அவளுடைய மேலாளரின் மச்சான் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருந்தது? பழைய ஆபீஸில் ஒரு மாதம் அவளைப் படாதபாடு படுத்தினார்கள். புது வேலை கிடைத்துவிட்டது. மகள்தான் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் உள்ளே நுழைந்தால் அம்மாவும் மகளும் சட்டென்று மழையைப் பற்றிப் பேசுவார்கள், வெளியே வெயில் கொளுத்தும். எனக்கு அழுகையே வந்துவிடும்.

“அவ பழையபடி என்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். என்ன செய்யலாம்?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“ரெண்டு நாள் வாயை மூடிக் காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்.”

விளையாட்டாகச் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன். என்னிடம் முடி வெட்டிக்கொள்கிற பல் டாக்டர், பௌத்தத் தியான முகாம்களில் பேசவே விடமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். மூன்று இடங்களின் நம்பரும் அவரே தந்தார்.

முதல் இடத்தில் பத்து நாள் என்றார்கள். பயந்து போனை வைத்துவிட்டேன். இரண்டாவது, பழகியவர்களுக்கு மட்டும். மூன்றாவதில் ஒரு பெண் எடுத்தாள். “முன்னாடி எங்கேயாவது உட்கார்ந்திருக்கீங்களா, சார்?”

“எங்கம்மா உட்கார்றது? முப்பது வருஷமா நின்னுக்கிட்டேதான் இருக்கேன். முழங்கால் போயிடுச்சு.”

அந்தப் பெண் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது. தியானம் செய்வதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்களாம். “அப்ப நீங்க புதுசு. ரெண்டு நாள் முகாம் இருக்கு, வாங்க” என்றாள்.

வெள்ளைச் சுவர்க் கூடம். தரையில் பன்னிரண்டு திண்டுகள். பிக்கு எதிரே உட்கார்ந்து, “மூச்சு உள்ளே போகுது, வெளியே வருது. அதை மட்டும் கவனிங்க” என்றார். மூன்று மூச்சு கவனித்தேன். நாலாவதில் முன்னால் இருந்தவரின் பிடரி கண்ணில் பட்டது. எவனோ கோணலாக வெட்டியிருந்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிக்கு மணியை எடுக்கத் திரும்பியபோது, அவருடைய மழித்த தலையில், இடது காதுக்குப் பின்னால், ஒரு சின்ன முடித் திட்டு விட்டுப்போயிருந்தது. கை துறுதுறுத்தது. வார்த்தை தொண்டைவரை வந்தது. மகளை நினைத்து விழுங்கினேன்.

ஒன்றரை நாள் இப்படியே விழுங்கினேன். இரண்டாம் நாள் மத்தியானம் பிடரியும் இல்லை, திட்டும் இல்லை, மூச்சு மட்டும் இருந்தது. மணியடித்தபோதுதான் தெரிந்தது, ஒரு மணி நேரம் போயிருக்கிறது. சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது பேசலாம் என்றார்கள். “எப்படி இருந்தது?” என்று பிக்கு கேட்டார்.

“நல்லா இருந்ததுங்க” என்றேன். திட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

மகள் காரில் வந்திருந்தாள். பாதி வழிவரை பார்த்துவிட்டு, “என்னப்பா, ஒண்ணுமே சொல்லலையே?” என்றாள்.

“நீ சொல்லும்மா.”

வண்டியை ஓரமாக நிறுத்தினாள். “எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்குப்பா. அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது. நீங்க மூச்சு விடக்கூடாது.”

“மூச்சு விடுவேன்மா, ரெண்டு நாளா அதைத்தானே பழகினேன். இதைச் சொல்ல மாட்டேன்.”

வீட்டு வாசலில் மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “வழியில ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?”

மகளின் கையில் சாவி அப்படியே நின்றது.

“அதை ஏன் கேக்கறே? அந்த பிக்குவுக்கு இடது காதுக்குப் பின்னாடி ஒரு திட்டு…” என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விடாமல் பேசினேன். “ரெண்டு நாளும் தண்டம்” என்று தலையில் அடித்துக்கொண்டு மனைவி உள்ளே போனாள்.

பத்து நாள் கழித்து மகளே அம்மாவிடம் சொன்னாள். அதனால்தான் இப்போது உங்களிடம் வாயைத் திறக்கிறேன். எல்லாம் கேட்டுவிட்டு மனைவி அவள் காதோடு சொன்னாளாம், “உங்கப்பாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே.”