பொட்டு வைத்த கிளச் பிளேட்

என் கணவர் சுகுமாரனுக்கு எந்த மோட்டார் சைக்கிளும் சத்தத்திலேயே புரிந்துவிடும். நான் வரையும் படம்தான் புரியாது. எங்கள் ஊரான புக்கிட் செலம்பாவில் வீட்டு முன்னாலேயே அவருடைய பட்டறை. அவர் கழற்றிப் போடும் செயின், பல்சக்கரம், கிளச் பிளேட் இவற்றைப் பார்த்துத்தான் உள்ளங்கை அளவுப் பலகைகளில் நான் வரைகிறேன். உள்ளபடியே வரைவதில்லை. வட்டத்தை வெட்டுவேன், பல்லை நீட்டுவேன், கிரீஸ் கறுப்புக்குப் பக்கத்தில் மஞ்சளை வைப்பேன். “வட்டமும் கோடுமா இருக்கு லா” என்று எங்கள் ஊர் ‘லா’வைச் சேர்த்துச் சொல்வார். அதோடு சரி. இந்த மனுஷன் ஒரு படத்தையாவது அடையாளம் கண்டுகொள்ள மாட்டாரா என்று எனக்கு ஏக்கம். வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

அலோர்ஸ்டார் நகரத்தில் ஒரு கண்காட்சிக்கு என் படங்களைக் கேட்டிருந்தார்கள். மறுநாள் கொண்டுபோக வேண்டும். அன்று ஆயுத பூசை. குருண் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து பார்த்தால், பட்டறை வாசலில் ஸ்பானர், ஜாக்கி, கம்பிரஸர் எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமத்தோடு பளபளத்தன. அவற்றுக்கு நடுவே, நான் மேசையில் உலர வைத்துவிட்டுப் போன படங்கள். அவற்றின் மேலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், குங்குமம்!

எனக்கு வந்ததே கோபம். துடைக்க ஒரு துணியை எடுத்தேன்.

“என்னங்க, கண்ணு தெரியலையா? நாளைக்குக் கொண்டு போற படம்! இது என்ன சாமி படமா, பொட்டு வைக்க?”

சந்தனக் கிண்ணத்தோடு அவர் விழித்தார். “சாமானுக்கெல்லாம் வச்சேன் ராணி. இத மட்டும் எப்படி விடறது? இது கிளச் பிளேட்டு. இது பல்லு தேஞ்ச சக்கரம், ரிப்பேருக்கு வந்த இருளப்பன் அண்ணன் மோட்டர் சைக்கிள்ல கழட்டுனது. இது செயின், அறுந்து கெடந்துச்சே.”

விரல் படம் படமாகப் போயிற்று. எதுவும் தப்பவில்லை.

“இவ்வளவு நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா, அப்படியே இல்லையேன்னு நான் குத்தம் சொல்றதா நெனைப்ப. மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவ.”

உண்மைதான், தூக்கி வைத்திருப்பேன்.

ஓரத்தில் ஒரு படம் மட்டும் பொட்டில்லாமல் கிடந்தது. “இது?”

“அதுதான் பிடிபடல. சாமானா இல்லையான்னு தெரியாம எப்படி வைக்கிறது?”

“கார்பரேட்டர். மேலேருந்து பாருங்க.”

வாங்கித் திருப்பினார், தலையைச் சாய்த்தார். “அட, ஆமா லா!” என்று சிரித்தார். “செவப்புல போட்டு ஏமாத்திட்டியே.”

துடைப்பதற்காக எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன். அலோர்ஸ்டாரில் பொட்டைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லிக்கொள்ளலாம். படத்தை அவரிடமிருந்து வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து அவர் முன் நீட்டினேன்.

“நடுவுல வேணாம். இந்த ஓரத்துல சந்தனம் வைங்க. அங்கதான் ஒரு மஞ்சள் கொறையுது.”