கழுத்தோரம் சிவப்பு

கோயில் பூசையில் பிரிஜாவின் கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசித்த மறுநாள், அவளுடைய படம் ஒன்று இராஜாக்கமங்கலம் கரை முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. யாரோ ஒருவனின் தோளில் சாய்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் தின்றால் அவளுக்குத் தொண்டை கட்டும். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கல்யாணத்தை நிறுத்திவைக்கலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா ததேயுஸ் சொல்லியனுப்பினார்.

பிரிஜாவின் தங்கை லிஜா எம்.இ. படித்துக்கொண்டிருந்தாள். படத்தில் முகத்தை மாற்றி ஒட்டியிருந்தால் கண்டுபிடிக்கும் புரோகிராம்தான் அவளுடைய புராஜெக்ட். அசலும் போலியுமாக ஆயிரக்கணக்கான முகங்களைக் காட்டி அதைப் பழக்கியிருந்தாள். கைவைத்த இடத்தை அது சிவப்பாகக் காட்டும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அக்காளோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள்.

அங்கே வாட்ஸ்அப் படத்தைக் கொடுத்ததும், அதில் பிரிஜாவின் கழுத்தைச் சுற்றி அரளிமாலை போட்டதுபோலச் சிவப்பு விழுந்தது.

"ஒனக்க கம்ப்யூட்டர் ஒனக்க அக்காளுக்கு வேண்டித்தானே பேசும்?" என்றார் ததேயுஸ்.

நியாயமான கேள்வி என்றே லிஜாவுக்கும் பட்டது. "அப்போ நீங்களே படம் தாருங்க மாமா. சிலது தப்பாவும் சொல்லும், அதையும் சொல்லிருகேன்."

அவர் தன் போனிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பினார். பேரனின் முதல் நற்கருணைப் படத்தில் சிவப்பு இல்லை. மாப்பிள்ளை ஜெனின் மஸ்கட்டில் கார் முன்னால் நின்ற படத்திலும் இல்லை. படகுச் சங்கத் தேர்தலுக்கு ததேயுஸ் அடித்த போஸ்டரில், மீசை உட்படத் தலை முழுக்கச் சிவப்பு.

அவர் மனைவி ரீத்தா அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள்.

ததேயுஸ் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "இது உள்ளதச் சொல்லுத மெஷினாக்கும். ரெண்டாம் ஓலைய வாசிக்கச் சொல்லிருவோம்."

லிஜா நிம்மதியாக லேப்டாப்பை மூடினாள். அக்காளைத் திரும்பிப் பார்த்தாள். அவள், கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து கதவோரம் நின்றிருந்த ஜெனினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் வந்தப்போ எனக்கு ஒரு போன் போட்டியா?"

"அப்பா விசாரிக்கட்டும்னு இருந்தேன்," என்றான் ஜெனின்.

"பின்ன என்ன மக்கா, கம்ப்யூட்டரே சொல்லியாச்சுல்லா?" என்றார் ததேயுஸ்.

"அது படத்தப் பத்தித்தான் மாமா சொல்லிச்சு," என்றாள் பிரிஜா.

நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைக் கழற்றி, அடுக்களையிலிருந்து வந்த ரீத்தாவின் கையில் கொடுத்தாள். ரீத்தா அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மீன்குழம்பு கொதித்துவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்ல லிஜாவுக்கு வாய் வரவில்லை. பிரிஜா கைகழுவப் போனாள். இருவரும் சாப்பிட்டுவிட்டே போனார்கள்.