டிரைவர் ஏற்றுக்கொண்ட சனிக்கிழமை

சென்ற ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபது முதல், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவின் ஆறாம் லயத்தில் நிழல்கள் ஆட்களுக்கு நான்கு எட்டுத் தூரம் பின்னால் வந்தன. மற்ற லயங்களில் அப்படி இல்லை. ஐந்தாம் லயத்துக்காரர் யாராவது நடுவே ஓடும் தண்ணீர்க் கானைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்தால், அவர் நிழல் காலைவிட்டுக் கழன்று, வழி மறந்ததுபோல் சற்று நின்று, பிறகுதான் புறப்பட்டது. நாய்கள் இரண்டு நாள் குரைத்துவிட்டு நிறுத்தின. கோழிகள் முதல் நாளே கண்டுகொள்ளவில்லை. கொடியிலிருந்து துணியை எடுத்த பிறகும் அதன் நிழல் மண்ணில் கொஞ்ச நேரம் காய்ந்துகொண்டிருந்தது. கச்சான் காற்று அடிக்கும் வெயில் மாதம் ஆனதால் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்த எட்டுக் குடும்பங்களும் ஒரு வாரத்துக்குள் பழகிக்கொண்டன.

காரணம் மூன்றாம் வீட்டில் இருந்தது. கலாராணியின் மகள் நிஷாந்தினி அங்கே ஒரு பழைய கேம் பெட்டியை டிவியோடு இணைத்து, அதில் லினக்ஸை ஓட்டிக்கொண்டிருந்தாள். பதுளையில் அனிமேஷன் படித்தவள் அவள். அவளுடைய லேப்டாப் சித்திரை இடியில் கருகிப்போயிருந்தது. கொழும்பில் உள்ள ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்றுக்குச் சோதனை வைத்தது. நாற்பது விநாடிப் படம், அடுத்த வாரம் ஞாயிறு நண்பகலுக்குள் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை காலை, கட்டுநாயக்கா தையல் ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் லயத்து வாசலுக்கு வரும். பெயர் கொடுத்திருந்த நான்கு பெண்களில் நிஷாந்தினி நான்காவது.

பெட்டியைக் கொடுத்தவள் ரிஸ்கா. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கேம் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். "கேம் பெட்டில வேல செய்யப் போறியா? தோசக் கல்லால துணி அயன் பண்ற மாதிரி ஈக்கி நீ சொல்றது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே, வேறு நிரல்களை ஏற்றவிடாத பூட்டு ஏற்கெனவே திறந்துவிடப்பட்ட ஒரு பெட்டியைத் தேடி எடுத்து, தூசி ஊதி, பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தாள். பசறை வழியாக வரும் பஸ்ஸில் நிஷாந்தினி அதைப் பிள்ளைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

லினக்ஸ் எழுந்தது. நிறம் வந்தது. மவுஸ் குறி நகர்ந்தது. ஆனால் எல்லாம் பாகுபோல நகர்ந்தது. அவள் செய்த படம் ஒரு தேயிலைச் சரிவு. அதில் காற்றுக்கு ஒவ்வோர் இலையும் ஆட வேண்டும், ஒவ்வோர் இலையும் கீழ் இலைமேல் நிழல் போட வேண்டும். நிழல் கணக்குத்தான் பெட்டியின் உயிரை எடுத்தது. ஒரு படத்துக்கு இருபத்தைந்து நிமிடம். விநாடிக்கு இருபத்துநான்கு வீதம் தேவையோ தொள்ளாயிரத்து அறுபது படங்கள். இராப்பகலாக ஓடினாலும் பதினாறு நாட்களுக்கு மேல் ஆகும். கையில் இருந்தது ஒன்பது நாள். அவள் சரிவின் முதல் நிழலைக் கணக்குப் போடச் சொல்லிப் பொத்தானை அழுத்திய நேரம் வெள்ளிக்கிழமை ஒன்பது இருபது. அதை லயத்தில் யாரும் குற்றமாகச் சொல்லவில்லை.

பெட்டிக்குள் நடப்பதை நிஷாந்தினி இப்படித்தான் விளங்கிக்கொண்டாள். உள்ளே ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார். எதையும் யோசித்துச் செய்யத் தெரிந்தவர். அவருக்குக் கீழே, படம் வரைவதற்கென்றே பிறந்த சிப்பில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொழுந்துக்காரிகள் வரிசையாக நிற்கிறார்கள். யோசிக்கத் தெரியாது, ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கை வைத்தால் மலை ஒரு மூச்சில் முடியும். இப்போதோ அவர்கள் கூடையோடு சும்மா நிற்க, கணக்கப்பிள்ளை தனியாளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலை முழுவதும் கொழுந்து பறிக்கிறார். அவர்களை வேலைக்கு அழைக்க ஒரு டிரைவர் வேண்டும். அந்தச் சின்ன நிரல் பெட்டியில் இருந்தது. ஆனால் சிப்பை ஏற்றுக்கொள்ள மறுத்தது.

லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கி நிற்கும் பாறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அவள் ரிஸ்காவிடம் கத்திப் பேசியதுதான் வினையாயிற்று.

"எல்லாம் செஞ்சு பாத்துட்டேன்டி. டிரைவர் ஏத்துக்கவே மாட்டேங்குது!"

பாறைக்குக் கீழே துணி அலசிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு இராக்கம்மாவுக்குக் கடைசிச் சொற்கள் மட்டும் காற்றில் வந்து சேர்ந்தன. அன்று மாலைக்குள் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது: கலாராணி மகள் ஒரு டிரைவரை விரும்புகிறாள், அவன் ஏற்றுக்கொள்ளவில்லை.

"எந்த பஸ்ஸுடி?" என்றாள் கலாராணி, கூடையை இறக்கி வைக்காமலே.

"ஐயோ அம்மா, இது மெஷின் டிரைவர்."

"மெஷினோ பஸ்ஸோ, அவன் வேணாம்னா விட்ரு. நமக்கு என்ன கொறச்சல்?"

நிஷாந்தினி சிரித்தாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பும் தாமதமாகவே வந்தது. பள்ளியில் கேள்வி கேட்டால் பதில் தெரியும். அது வாய்க்கு வருவதற்குள் பக்கத்துப் பிள்ளை சொல்லி உட்கார்ந்திருக்கும். கோபம் மறுநாள் வரும். அழுகை, அழ வேண்டிய வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகு பஸ்ஸில் வரும். மந்தம் என்றார்கள், அவளும் நம்பினாள். நிழல்கள் பிந்தியபோது லயத்திலேயே வியக்காதவள் அவள் ஒருத்திதான். தனக்குள் இருபத்துமூன்று வருடமாக நடப்பது இப்போது எல்லார் காலடியிலும் நடக்கிறது என்றுதான் தோன்றியது. அதில் வெட்கம் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

ஏழாம் நாள் வியாழக்கிழமை மாலை, கலாராணி யாரோ பின்னால் வருகிறார்கள் என்று சட்டென்று திரும்பி, தன் நிழல்மேலேயே தடுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். அதனால் வெள்ளிக்கிழமை காலை அம்மாவின் கூடையோடு நிஷாந்தினி பெரட்டுக்குப் போனாள். காலையில் எல்லாரும் வரிசையில் நிற்க, தோட்டத்து ஐயா செக்ரோல் என்ற பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்பும் இடம் அது. அவளைக் கூப்பிடவில்லை. எல்லாரும் போன பிறகும் அவள் நின்றாள். அவள் நிழலும் அப்போதுதான் வந்து சேர்ந்து பக்கத்தில் நின்றது.

"நீ ஏன்மா நிக்கிற?"

"அம்மாவுக்குப் பதிலா வந்தேன் ஐயா."

"ஒன் பேரு செக்ரோல்ல இல்லையே புள்ள. ஆள் நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. பேரு இல்லாம எந்த மலைக்குன்னு அனுப்புவேன்?"

நிஷாந்தினி வாய்விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு தாமதிக்கவில்லை. ஐயா தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். நிழல் நான்கு எட்டு பின்னால் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது.

டிரைவருக்கு அந்த ஆயிரம் பேரையும் வேலை வாங்கத் தெரியும். ஆனால் அதற்கென்று ஒரு பட்டியல் இருந்தது. தனக்குத் தெரிந்த சிப்புகளின் எண்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கேம் பெட்டியின் சிப் அந்தப் பட்டியலில் இல்லை. கண் முன்னால் நிற்பவளைக் கூப்பிடாமல் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தது டிரைவர். அவள் நிரலைத் திறந்தாள். தன் சிப்பின் எண்ணைச் சேர்த்தாள். அதன் குடும்பம் எது, எத்தனை பேர், எப்படி வரிசையில் நிற்பார்கள் என்பதையும் எழுதினாள். இவர்கள் மந்தமே இல்லை, யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு சிப்போடு நிற்காமல் எங்கெங்கோ போயிற்று. அதைத் தடுக்க அவளுக்கு நேரமில்லை. பிறகு முழு நிரலையும் திரும்பக் கட்ட உத்தரவு கொடுத்தாள். கணக்கப்பிள்ளை அதைக் கட்டி முடிக்கச் சனிக்கிழமை பிற்பகல் ஆனது.

இரண்டு மணி ஆறு நிமிடத்துக்குப் பெட்டியை அணைத்து எழுப்பினாள். திரை கறுத்தது. கறுப்பாகவே இருந்தது. எதிர்ச்சுவரை ஒரு பல்லி முழுதாக நடந்து கடந்தது. பிறகு திரை ஒரு முறை துடித்தது; துடித்த இடத்தில் தேயிலைச் சரிவு நின்றது. அவள் தொட்டதும் சரிவு ஓடியது. திருப்பினால் திரும்பியது, இறக்கினால் இறங்கியது. இலை இலையாக, ஒவ்வோர் இலையும் தன் நிழலோடு, பெரட்டில் பெயர் விழுந்த பெண்கள் ஒரே மூச்சில் மலையேறுவதுபோல ஆடிற்று. நிமிடத்துக்கு ஒரு படம் விழுந்தது.

"அம்மா! டிரைவர் ஏத்துக்கிச்சு!"

அந்த நேரத்தில் வெளியே இருந்தவர்கள் சொன்னது இது. பிந்திக் கிடந்த நிழல்கள் எல்லாம் கான் ஓரத்திலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பாதையிலிருந்தும் குருவிக்கூட்டம்போல எழுந்து பறந்து வந்து அவரவர் காலில் ஒட்டின. வந்த வேகம் அடங்கவில்லை. காலைத் தாண்டி, நான்கு எட்டு முன்னால் போய்த்தான் நின்றன. இராக்கம்மா தன் நிழலை முன்னே விட்டு, கையில் சீனிக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள்.

"வாயத் தொற மகளே. என்ன ரூட்டு, பசறையா பதுளையா?"

நிஷாந்தினி சீனியை விழுங்கிக்கொண்டு, எல்லா ரூட்டும் என்றாள். கலாராணி சுளுக்கிய காலோடு நின்று, திரையில் ஆடும் இலைகளைப் பார்த்து, இது நம்ம பத்தாம் நம்பர் மலைதானே, இதில் ஒருத்தரையும் காணோமே என்றாள்.

படம் ஞாயிறு விடியலில் முடிந்தது. பாறைமேல் நின்று அனுப்பி முடித்தபோது மணி பதினொன்று நாற்பது. அன்று பதில் இல்லை. அதற்குள் லயத்தில் புது வழக்கங்கள் வந்துவிட்டன. வாசலில் நிழல் தெரிந்ததும் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்கள். ஆள் வரும்போது கொதித்திருந்தது. பேசப் பிடிக்காதவரின் நிழலைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். நிழல் போன வழியிலேயே ஆளும் போனதால் யாரும் எதிலும் மோதிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வேன் வந்தது. நிஷாந்தினி பையைக் கட்டி, சப்பாத்துப் போட்டு, மற்ற மூன்று பெண்களோடு நின்றாள். பதில் வராமல் தங்குவதற்கு அவளிடம் நியாயம் எதுவும் இருக்கவில்லை. கலாராணி வாசலில் நின்றாள். வேனுக்குள் மூன்று நிழல்கள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தன. பெண்கள் ஏறித் தங்கள் தங்கள் நிழல்மேல் அமர்ந்தார்கள். நிஷாந்தினி படியில் கால் வைத்தாள்.

வேன் ஓட்டிய கிருஷ்ணராஜ் நான்காவது இருக்கையைப் பார்த்தான். அது வெறுமையாக இருந்தது. தலையை நீட்டித் திறந்திருந்த மூன்றாம் வீட்டுக்குள் பார்த்தான்.

"தங்கச்சி, ஒங்க நெழலு உள்ள டிவிக்கு முன்னாடி ஒக்காந்திருக்கே."

அவளும் திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்துதான் இருந்தது, ஒரு கை மவுஸின்மேல் இருந்தது.

"அப்ப நீங்க வரல" என்று சொல்லி, அவன் கதவை இழுத்துச் சாத்தி, அடுத்த லயத்துக்கு நேரமாகிறது என்று வண்டியை எடுத்தான்.

நிஷாந்தினி வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றினாள். கம்பெனியின் பதில் பத்தேகாலுக்கு வந்தது. பாறைமேல் ஏறி, அதை இரண்டு முறை படித்து, ரிஸ்காவுக்குச் சொல்லி, கத்தி, அழுது, இறங்கி வந்தபோது, அவள் நிழல் வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.