உச்சிப் பெட்டி

ஒப்பணக்கார வீதியில் படக்கடை வைத்திருந்த அப்புசாமிக்கு உயரம் ஆகாது. அது அவருக்கே நாற்பது வயதில்தான் தெரிந்தது, கோனியம்மன் தேருக்கு வந்த ராட்டினத்தில் ஏறிய அன்று.

அது அதற்கு முன் கோயமுத்தூர் பார்க்காத ராட்டினம். மரத்தில் செய்து ஆள் தள்ளிச் சுற்றுகிற தூரி அல்ல. முழுக்க இரும்பு. பன்னிரண்டு பெட்டி, அறுபதடி உயரம், ஆயில் எஞ்சினில் ஓடுவது. அதன் சொந்தக்காரர் கலீல் ரஹ்மான் ஊர் ஊராகத் திருவிழா பார்த்து அதைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர். பைக்காரா அருவியிலிருந்து ஊருக்குக் கரண்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உச்சிக்குப் போய் இருட்டில் பார்த்தால் ஊர் வேறு மாதிரி இருக்கிறது என்று ஏறி இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள். அதைப் படமாக எடுத்தால் அடுத்த ஊர் நோட்டீஸில் போடலாம் என்று கலீல் ரஹ்மான் அப்புசாமியின் கடைக்கு வந்தார்.

அப்புசாமி கேமராவோடு ஏறினார். இரண்டாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே கையால் தடவி லென்ஸ் மூடியை எடுத்தார், திரும்பப் போட்டார். இறங்கியதும் கூட்டத்தை விட்டு விலகிப் போய் வாந்தி எடுத்தார்.

மறுநாள் காலையில் படம் விழுந்த கண்ணாடித் தகட்டை அவர் மனைவி சாந்தாமணி இருட்டறையில் கழுவினாள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கடையின் தகடுகளைக் கழுவுவதும் அச்சுப் போடுவதும் அவள் வேலை. முன்னறையில் நின்று படம் மட்டும் அவள் எடுத்ததில்லை. வருகிற ஆண்கள் கூச்சப்படுவார்கள் என்று அப்புசாமி ஆரம்பத்தில் சொன்னது அப்படியே நின்றுபோயிற்று.

அவள் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மழை விட்ட மண்ணில் புழு ஊர்ந்த தடம் போல் கோடு கோடாக இருந்தது.

"ஒரு வெளக்குக்கூட வெளக்கா உழுகலீங்க. எல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிருக்குது."

"பெட்டி ஒரு நிலையில நின்னாத்தானே அம்மணி. என்ற வயிறுந்தான் நிக்கல. முடியாதுன்னு பாய்கிட்டச் சொல்லிப்போடறேன்."

"எஞ்சின நிறுத்திப்போட்டு, பெட்டியக் கவுத்துல இழுத்துக் கட்டுனா நிக்காதுங்களா?"

"நிக்கும். மேல ஆரு போயி உக்காரறது?"

"நான் உக்காரறனுங்க."

அப்புசாமி அவளைப் பார்த்தார். அவள் தகட்டை ஈரம் போகத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வெளக்கு மட்டும் எடுத்தா வெறும் புள்ளிதான் உழுகுமுங்க. பொழுது உழுந்த ஒடனே கொஞ்சம் தொறந்து மூடினா, ஊட்டுக் கூரையெல்லாம் பதிஞ்சுக்கும். அப்பறம் கேமராவ அசைக்காம அப்படியே காத்திருந்து, வெளக்குப் போட்டதுக்கு அப்பறம் அதே தகட்டுல மறுக்காத் தொறக்கோணும். கூரையும் உழுகும், வெளக்கும் உழுகும்."

"இத எப்ப யோசிச்ச?"

"தகடு காயறப்பத்தானுங்க."

கலீல் ரஹ்மான் முதலில் தயங்கினார். ஒரு பெண்ணை அத்தனை உயரத்தில் தனியாக உட்கார வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சாந்தாமணியே நேரில் போய்ப் பேசிய பிறகு, ராட்டினம் ஏழு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியில் ஏறினாள். முக்காலிக்கு இடம் இல்லாததால் அப்புசாமி கேமராவைப் பெட்டியின் கம்பியோடு தோல் வாரால் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். எதிர்ப் பெட்டியில் மணல் மூட்டை வைத்து, அவளை உச்சிக்குக் கொண்டுபோய் எஞ்சினை நிறுத்தினார்கள். ராட்டினத்து ஆள் மாசாணம் சட்டத்தில் கால் வைத்து ஏறி வந்து, பெட்டி ஆடாமல், தரையில் முளையடித்துக் கட்டியிருந்த கயிறுகளை இரண்டு பக்கமும் போட்டு இறுக்கினான்.

"பயமா இருந்தாக் கீழ பாக்காதீங்க அம்மணி."

"பயமா இல்லீங்க. அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கிப்போடுங்க."

அவன் சிரித்துக்கொண்டே இறுக்கிவிட்டு இறங்கினான்.

பொழுது சாய்ந்தது. மருதமலைப் பக்கம் வானம் செம்மண் நிறமாகி மங்கியது. ஓட்டுக் கூரைகளும், மணிக்கூண்டும், பெரிய குளத்துத் தண்ணீரும், தூரத்து மில் புகைபோக்கிகளும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்தபோது அவள் மூடியை எடுத்தாள். நான்கு எண்ணினாள், மூடினாள். பிறகு கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் விளக்குகள் வந்தன. ராஜ வீதி முதலில், அப்புறம் ஒப்பணக்கார வீதி, அப்புறம் ரயிலடி. அவள் மூடியை எடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினாள். இருநூறு வரை எண்ண வேண்டும் என்று கணக்கு. இருட்டறையில் எண்ணி எண்ணி அவளுக்குக் கடிகாரம் தேவைப்படாது.

தொண்ணூறு எண்ணியபோது ஊர் முழுக்க அணைந்தது.

அவள் சட்டென்று மூடியைப் போட்டாள். கீழே கூட்டத்திலிருந்து 'ஓ'வென்று சத்தம் எழுந்தது. ராட்டினத்தின் அடியில் இரண்டு காஸ் விளக்குகள் மட்டும் எரிந்தன.

"அம்மணி, எறங்கறயா?" அப்புசாமியின் குரல் மேலே வந்தது.

"இல்லீங்க. தொண்ணூறுல நிக்குது. கரண்டு வரட்டும்."

அதற்குள் ராட்டினத்துக்கு வந்த கூட்டம் சேர்ந்துவிட்டது. எஞ்சின் கரண்டில் ஓடுவதில்லையே, ஏன் சுற்றவில்லை என்று கேட்டார்கள். மில்லில் மேஸ்திரியாக இருந்த சுப்பையன் பெட்டியிலிருந்து இறங்கிய கயிற்றைப் பிடித்து ஆட்டப் போனார். "ஏனுங்க பாய், புள்ளைகளோட வந்து நிக்கறம்."

கலீல் ரஹ்மான் எஞ்சினைப் பார்த்தார், பிறகு அப்புசாமியைப் பார்த்தார். அப்புசாமி கடையில்கூட ஆட்களிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அவர் காஸ் விளக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கயித்துல கை வெக்காதீங்க. என்ற சம்சாரம் மேல இருக்குது. ஊரப் படம் எடுக்குது. பாதி எடுத்தாச்சு. இப்ப ஆட்டினா மொத்தமும் கெட்டுப்போகும்."

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை.

"ஊரையேவா?" என்றார் சுப்பையன். "என்ற ஊடும் உழுகுமுங்களா?"

"ஊடு எங்கீங்க?"

"தேர்முட்டிக்குப் பொறகால."

"உழுகுமுங்க."

அதன் பிறகு ஆளாளுக்குத் தங்கள் வீதியைச் சொல்லிக் கேட்டார்கள். அப்புசாமி எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். சுப்பையன் கயிற்றோரம் நின்று, சாய வந்தவர்களைத் தாமே விலக்கிவிட்டார்.

மேலே சாந்தாமணிக்கு இதெல்லாம் முனகலாகத்தான் கேட்டது. காற்று குளிர்ந்திருந்தது. விளக்கு இல்லாத ஊருக்கு மேல் நட்சத்திரம் நெருங்கி வந்த மாதிரி இருந்தது. வீடுகளில் ஒவ்வொன்றாக எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். போத்தனூர்ப் பக்கமிருந்து ரயில் ஒன்று வந்தது. அதன் எஞ்சின் நெருப்பு மட்டும் தனியாக நகர்ந்தது. மேற்கே மலையில் எங்கோ காடு எரிந்து, சிவப்பாக ஒரு மெல்லிய வரி தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் அவள் இருந்த இருட்டு ஒரு பாய் விரிக்கிற அளவு. இந்த இருட்டுக்குச் சுவர் இல்லை. யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. தொண்ணூறு என்ற எண்ணை மட்டும் விட்டுவிடாமல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து விளக்குகள் வந்தன. கீழே ஆரவாரம் எழுந்தது. மூடியை எடுத்தாள். அவசரத்தில் கை கேமராவில் லேசாக இடித்தது. தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று இரண்டு. அப்புசாமி கையைத் தூக்கியபடி நின்றார். கூட்டமும் அசையாமல் நின்றது. ஒரு குழந்தை அழுததைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"ஆச்சுங்க" என்று மேலிருந்து குரல் வந்தபோது கலீல் ரஹ்மானே ஓடிப்போய் எஞ்சினைக் கிளப்பினார்.

தகட்டைக் கழுவும்போது அப்புசாமியும் இருட்டறையில் வந்து நின்றுகொண்டார். மறுநாள் போட்ட அச்சில் கூரைகள் மங்கலாகவும், அவற்றின் நடுவே விளக்குகள் பொடிப்பொடியாகவும் விழுந்திருந்தன. குளத்து ஓரத்தில் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மணிக்கூண்டுப் பக்கம் பளிச்சென்று எரிந்த நாலைந்து விளக்குகள் மட்டும் இரட்டையாக இருந்தன.

"இங்க கேமராவுல கை இடிச்சுப்போச்சுங்க."

"அது ஆருக்குத் தெரியுது?" என்றார் அப்புசாமி. படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் எடுத்திருந்தா இப்படி வந்திருக்காது அம்மணி."

பெரிதாக ஒரு அச்சுப் போட்டுக் கடை முகப்பில் மாட்டினார்கள். ஒரு வாரம் கடையில் கூட்டம் குறையவில்லை. எல்லாரும் வீடு தேடினார்கள். சுப்பையன் பூதக்கண்ணாடியை வாங்கித் தம் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"வாசல் வெளக்கு எரியுதே. நான் தூரிக்குக் கெளம்பறப்ப அணைச்சுப்போட்டுத்தான வந்தேன்."

"அது பக்கத்து ஊடுங்க" என்றாள் சாந்தாமணி. விரல் நுனியால் அடுத்த கூரையைக் காட்டினாள். "உங்குளுது இருட்டா இருக்குது பாருங்க."

அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கணபதியிலிருந்து வந்த ஒருவர்தான் வடக்குப் பக்கம் ஏன் எடுக்கவில்லை என்று குறைப்பட்டுப் போனார்.

சித்திரையில் அவிநாசித் தேருக்கு ராட்டினம் போயிற்று. கலீல் ரஹ்மான் ஆளனுப்பினார்: கோபுரமும் தேர் வீதியும் விழுகிற மாதிரி ஒரு படம் வேண்டும், அம்மணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. பஸ்ஸில் சாந்தாமணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புசாமி கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டியிருந்தார். கருமத்தம்பட்டி தாண்டியதும், அங்கே எத்தனை எண்ண வேண்டியிருக்கும் என்று கேட்டார்.

"போயிப் பார்த்தாத்தானுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.